ஹார்பர் மொழிக்கு ஆள் சேர்ப்பது: முதலில் யாரை அணுகுவது?

மலேசியாவின் தோட்டப்புற நகரங்களில் பழைய கணக்கு நிரல்களைப் பராமரித்து வருவோர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய சம்பளக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் அதன் வழிவந்த ஹார்பர் மொழிக்கு மாற்றியாயிற்று, நிரல் பழுதின்றி ஓடுகிறது, ஆனால் ஊரில் அந்த மொழி அறிந்தவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவர்களும் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பின் அந்த நிரலைத் திறந்து பார்க்க யார் இருப்பார்கள் என்ற கவலை நியாயமானது. பயனர் வட்டத்தை வளர்த்தாக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வார நாள்களில் ஓய்வில்லாத நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒதுக்கக்கூடிய சில மணி நேரத்தை எந்த வழியில் செலவிடுவது என்பதில்தான் முடிவு எட்டாமல் நிற்கிறார்கள்.

அவர்கள் முன் நான்கு வழிகள் உள்ளன. முன்பு கிளிப்பரில் எழுதிப் பிறகு விட்டுவிட்டவர்களைத் தேடி அழைத்து வரலாம். பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கடை, பட்டறை, கூட்டுறவுக் கழகம் ஆகியவற்றை அணுகலாம். இளைஞர்களுக்கு வகுப்பு நடத்தலாம். தமிழில் பாடங்களும் எடுத்துக்காட்டுகளும் எழுதி வைக்கலாம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள சுங்கை சிப்புட் போன்றதோர் ஊரை மனத்தில் வைத்து இவற்றை எடைபோடுகிறேன். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் சரிப்பட்டு வருவது இங்கே சரிப்படாமல் போகலாம்.

## மொழியைப் பற்றித் தேவையான அளவு

நாண்டக்கெட் என்ற அமெரிக்க நிறுவனம் 1985-இல் டிபேஸ் என்ற தரவுத்தள மொழியில் எழுதிய நிரலைக் கணினியில் நேரே ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலராகக் கிளிப்பரை வெளியிட்டது. சம்மர் 87 பதிப்பும், 1990-இல் வந்த 5.0 பதிப்பும் உலகெங்கும் சிறு வணிகக் கணக்குகளைச் சுமந்தன. 1992-இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனம் நாண்டக்கெட்டை வாங்கியது. அதன்பின் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிளிப்பரின் வளர்ச்சி நின்றுபோயிற்று. அந்த வெற்றிடத்தில் 1999-இல் ஹார்பர் திட்டம் தொடங்கியது. கிளிப்பர் மூலநிரலை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டு, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவற்றில் ஓடும் நிரலாக மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள் அது. மூலநிரலையும் சேர்த்துத் தரக் கோரும் ஜி.பி.எல். உரிமத்தோடு ஒரு விதிவிலக்கும் சேர்க்கப்பட்டிருப்பதால், ஹார்பரில் உருவாக்கிய நிரலை அதன் மூலநிரலை வெளியிடாமலேயே வாடிக்கையாளருக்கு விற்கவும் தடையில்லை. இந்த விதிவிலக்கை வணிகர்களிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். திறந்த மூலம் என்றதும் தம் கணக்கு நிரலையும் ஊருக்குத் திறந்து காட்ட நேருமோ என்று அஞ்சுபவர்கள் பலர்.

இந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கிளிப்பர் உருவாக்கிய நிரல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டாது. 32-பிட் விண்டோஸ் ஏற்றப்பட்ட பழைய கணினிகளில்தான் இந்த நிரல்கள் இத்தனை காலம் உயிர் வாழ்ந்தன. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கும் நாளில் கடைக்காரர் எங்கே போவார் என்பதே ஹார்பரின் பயனர் வட்டம் இங்கே பெருகுமா சுருங்குமா என்பதை முடிவு செய்யும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உழைப்பு எவ்வளவு விரைவில் ஒருவருக்குப் பயன்படும் நிரலாக வந்து நிற்கிறது என்பது. பயன் கண்ணில் படாமல் மூன்று மாதம் கழிந்தால் ஞாயிற்றுக்கிழமைக் குழு கலைந்துவிடும்.

இரண்டாவது, வந்தவர் தங்குவாரா என்பது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலிருந்தே இந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். கணினி கற்ற இளைஞர் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போவது இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவும் அது யார் தலையில் விழுகிறது என்பதும். நான்காவது, வந்தவரால் மொழிக்கு ஏதேனும் திரும்பக் கிடைக்கிறதா என்பது. கேள்வி கேட்பவர் எண்ணிக்கை மட்டும் பெருகினால், பதில் சொல்லும் ஓரிருவர் களைத்து ஒதுங்கிவிடுவார்கள். ஒரு பிழையை ஐந்து வரியில் மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலை எழுதி அனுப்பத் தெரிந்த ஒருவர், பதிவேட்டில் பெயர் மட்டும் கொடுத்த ஐம்பது பேரைவிட மதிப்புள்ளவர்.

ஐந்தாவதை நான் மற்ற நான்குக்கும் மேலாக வைக்கிறேன். வருபவரின் பிழைப்புக்கு நாம் நேர்மையாக இருக்கிறோமா? ஹார்பர் கற்றால் உடனே வேலை கிடைக்கும் என்று ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனிடமோ மகளிடமோ சொல்வது பொய். அந்தப் பொய்யின் மீது கட்டும் எந்த வட்டமும் வேண்டாம்.

என் முடிவையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கடையில் தொடங்குங்கள். மற்ற மூன்று வழிகளையும் அந்தக் கடையின் வேலைக்குத் துணையாகக் கொண்டு வாருங்கள்.

## பழைய கிளிப்பர் கைகள்

இவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து, எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் டிபேஸ் வகுப்புக்குப் போய் வந்தவர். பட்டறைக் கணக்கராக இருந்து தாமாகவே நிரல் எழுதப் பழகியவர். கணினிக் கடை வைத்து நடத்திப் பின் மூடியவர். மொழி இவர்களுக்குப் புதிதன்று. ஹார்பரின் கட்டுமானக் கருவியான எச்.பி.எம்.கே.2-ஐ ஒரு முறை காட்டினால் போதும், அன்றே தங்கள் பழைய நிரலைத் தொகுத்துவிடுவார்கள். முதல் அளவுகோலில் இவர்களுக்கு நிகர் எவருமில்லை.

இவர்களிடம் மொழியைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. செக்ரோல் என்னும் தோட்டச் சம்பளப் பதிவேடு எப்படி இயங்குகிறது என்பதை இவர்கள் உள்ளும் புறமும் அறிவார்கள். காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பில் பதிவான வருகை, முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் கூலியா அரை நாள் கூலியா) என்ற கணக்கு, வேலைக்கேற்ற விகிதம், முன்பணம், சங்கச் சந்தா, ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா என ஒன்றன்பின் ஒன்றாக வரும் பிடித்தங்களின் வரிசை இவர்கள் தலைக்குள் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஊழியர் சேமநிதிச் சந்தாவை வெறும் விழுக்காட்டுப் பெருக்கலாகப் போடக்கூடாது. 20,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்குச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள படிகளையே பின்பற்ற வேண்டும், 5,000 ரிங்கிட் வரை அவை பெரும்பாலும் 20 ரிங்கிட் இடைவெளியில் அமைந்தவை. அனுபவமுள்ள கிளிப்பர் கை, அட்டவணையை டி.பி.எஃப். என்னும் டிபேஸ் வகைத் தரவுக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு படியின் மேல் எல்லையை இண்டெக்ஸ் (வரிசைப்படுத்திய தேடல் அடைவு) ஆக்கி, சாஃப்ட்சீக் முறையில் தேடும். சரியான எண் கிடைக்காவிட்டால் அடுத்த பெரிய எண்ணில் போய் நிற்பது சாஃப்ட்சீக்கின் இயல்பு. ஆகவே 1,713 ரிங்கிட் சம்பளத்தைத் தேடினால் 1,720 என்ற வரியில் நிற்கும், சந்தா அதே வரியில் இருக்கும். விகிதம் மாறினால் கோப்பை மாற்றினால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை. இத்தகைய கைப்பழக்கத்தை இவர்கள் எவரும் எழுதி வைக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவும் இங்கே சிறிதன்று. சம்மர் 87 காலத்துப் பழக்கத்தில் எழுதுபவர் எல்லா மாறிகளையும் பொதுவாக அறிவித்து, எந்த நடைமுறை எதை மாற்றுகிறது என்பது தமக்கு மட்டுமே விளங்கும்படி விட்டுவிடுவார். 5.0-இல் வந்த, மாறியை ஒரு நடைமுறைக்குள் மட்டும் அடைக்கும் லோக்கல் அறிவிப்பையும், நிரல் துண்டையே ஒரு மதிப்பாகக் கையாளும் கோடு பிளாக்கையும் சிலர் தொட்டதே இல்லை. அத்தகைய நிரலை ஓர் இளைஞர் கையில் கொடுத்தால் மொழியின் மீதே வெறுப்பு வரும். இன்னும் சிலருக்குத் தாம் எழுதிய நிரலைப் பிறர் பார்ப்பதில் தயக்கம் உண்டு. அது பல ஆண்டுகள் வாடிக்கையாளரைத் தக்கவைத்துத் தந்த சொத்து என்பதால் அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும், வற்புறுத்தக்கூடாது.

இவர்கள் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். ஆனால் வயதின் காரணமாகச் சில ஆண்டுகளில் கையும் கண்ணும் ஒத்துழைக்காமல் போகலாம். ஆகவே உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், அவரை முதலில் போய்ப் பார்ப்பதே சரி. அவரை மட்டும் நம்பி நின்றுவிடுவது சரியாகாது.

## நிரல் ஓடும் கடையும் கூட்டுறவும்

செம்பனைக் குலை வாங்கும் வியாபாரியின் எடைச் சீட்டு, லாரிப் பட்டறையின் உதிரிபாகக் கணக்கு, கூட்டுறவுக் கழகத்தின் பங்குப் பதிவேடு, மளிகைக் கடையின் கடன் பேரேடு. நீலத் திரையில் வெள்ளை எழுத்தோடு ஓடும் இத்தகைய நிரலை வைத்திருப்பவருக்கு ஹார்பர் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் இந்த மொழியின் உண்மையான பயனர் அவர்தான். அவர் போய்விட்டால், நிரலாளர் எத்தனை பேர் இருந்தாலும் மொழிக்கு இங்கே வேலை இல்லை.

இந்த வழியின் பலம், தேவை தானாகவே கதவைத் தட்டுகிறது என்பது. புதிய கணினியில் நிரல் ஓடவில்லை என்ற நிலை ஒன்று. சட்டம் மாறுகிறது என்ற நிலை மற்றொன்று. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வந்தது, 2018 ஜூன் 1-இல் அது சுழியமாக்கப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. வேலைவாய்ப்புக் காப்புறுதிப் பிடித்தமும் 2018 தொடக்கத்தில் சேர்ந்துகொண்டது. மூலநிரலும் அதைத் திருத்தத் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்த கடைகள் இவற்றைச் சமாளித்தன. இப்போது மின்-விலைப்பட்டியல் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களில் 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிப் படிப்படியாகச் சிறு நிறுவனங்களை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் முறைக்கு ஜேசன் அல்லது எக்ஸ்.எம்.எல். வடிவில் விவரம் அனுப்ப வேண்டும். டாஸ் காலத்துக் கிளிப்பர் இதைச் செய்யாது. ஹார்பரிலோ ஜேசன் உருவாக்கும் செயற்கூறு மொழியோடே வருகிறது, இணையத்தில் அனுப்பக் கர்ல் நூலகத்துக்கான இணைப்பும் இருக்கிறது. பழைய டி.பி.எஃப். கோப்பை மாற்றாமல், அதே பேரேட்டிலிருந்து மின்-விலைப்பட்டியல் எடுக்கலாம் என்பதைக் கடைக்காரரின் கண்முன் நடத்திக் காட்டுவதைவிடச் சிறந்த விளம்பரம் இந்த மொழிக்கு இல்லை.

செலவுகளை இனி ஒளிக்காமல் பார்ப்போம். முதலாவது, மூலநிரல் இல்லாமை. எழுதியவர் காலமாகியிருப்பார், அல்லது தட்டுகள் கரையான் அரித்திருக்கும். கையில் இருப்பது ஓடும் கோப்பு மட்டும். அந்நிலையில் ஹார்பருக்கு மாற்றுவது என்பது புதிதாக எழுதுவதே. டி.பி.எஃப். கோப்பின் அமைப்பு வெளிப்படையானது என்பதால் விவரங்கள் தப்பிவிடும், நடைமுறை விதிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் திரட்ட வேண்டும்.

இரண்டாவது, மூன்றாம் தரப்பு நூலகங்கள். நான்ஃபோரம் தொகுப்பையோ சி.ஏ.-டூல்ஸையோ பயன்படுத்திய நிரல் என்றால் கவலை இல்லை; அவற்றுக்கு இணையானவை ஹார்பரோடு சேர்ந்தே வருகின்றன. மூலநிரல் இன்றி வெறும் நூலகக் கோப்பாக வாங்கியவை இருந்தால் அந்தப் பகுதிகளை மாற்றி எழுத நேரும்.

மூன்றாவது, அச்சு. இதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய நிரல் அச்சுப்பொறியை இணைக்கும் எல்.பி.டி.1 வாயிலுக்கு நேரே எழுதும், டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் கட்டளைகளை எழுத்தாகவே அனுப்பும். புதிய கணினியில் அந்த வாயில் இருப்பதில்லை. விண்டோஸ் அச்சுப்பொறிக்கான வகுப்பு ஹார்பரில் இருக்கிறது, ஆனால் சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியையும் அதற்கேற்ப மறுபடி அமைக்க வேண்டும். கணக்குப் பகுதி ஒரு நாளில் தொகுந்து முடிந்த இடத்தில் அச்சுப் பகுதி பல வாரங்களை விழுங்கும். கடைக்காரரிடம் கால அளவு சொல்லும்போது இதை முதலில் கணக்கிடுங்கள்.

நான்காவது, பொறுப்பு. ஒரு முறை தொட்ட நிரலுக்கு நாமே பொறுப்பாளி ஆகிவிடுகிறோம். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் நின்றுபோனால், இலவசமாகச் செய்து கொடுத்தவர் என்பதற்காக யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். காத்திருப்பது தொழிலாளியின் அடுப்பு. ஆகவே சிறு தொகையாவது வாங்கிக்கொண்டு, எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை என்பதை எழுதிக் கொடுத்துச் செய்வதே இரு தரப்புக்கும் நல்லது. பழையதும் புதியதும் சம்பள நாளுக்கு முன் இரண்டு மாதமாவது அருகருகே ஓடட்டும். கிளிப்பரின் என்.டி.எக்ஸ். இண்டெக்ஸையும் அதே டி.பி.எஃப். கோப்புகளையும் ஹார்பர் படிக்கும் என்பதால், கோப்புகளை நகலெடுத்து இரு பட்டியல்களையும் ஒப்பிடுவது எளிது.

எல்லாக் கடைக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே கணினி, மாற்றமே வேண்டாத நிரல், பழைய கணக்கை எப்போதாவது பார்த்தால் போதும் என்ற நிலையில் பழைய டாஸ் சூழலைப் புதிய கணினியில் போலியாக அமைத்துத் தரும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளே போதும். அவரிடம் ஹார்பரைத் திணித்தால் ஒரு பயனர் கூடியதாகத் தெரியும். அடுத்த ஆண்டு அவர் நம்மைப் பற்றி நல்லவிதமாகப் பேசமாட்டார்.

## இளைஞர்களுக்கு வகுப்பு

குழுவினர் பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மண்டபம் கிடைக்கும், பெற்றோர் மகிழ்வார்கள், புகைப்படத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். எச்.பி.ரன் என்ற கருவி டிபேஸ் காலத்துப் புள்ளிக் கட்டளைத் திரையை அப்படியே தருவதால் கற்பிப்பதும் எளிது: யூஸ் என்று கோப்பைத் திற, லிஸ்ட் என்று பார், சீக் என்று தேடு. கோப்பு, பதிவு, புலம், இண்டெக்ஸ், ஒரே பதிவை இருவர் திருத்த முயலும்போது போடும் பூட்டு ஆகிய அடிப்படைகளை இவ்வளவு நேராகக் கண்ணுக்குக் காட்டும் மொழிகள் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இரண்டாவது, ஐந்தாவது அளவுகோல்களில் இந்த வழி தடுமாறுகிறது. வேலை விளம்பரங்கள் பைத்தானையும் ஜாவாவையும் எஸ்.கியூ.எல்.-ஐயும் கேட்கின்றன. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து அடுத்த படிப்புக்குக் காத்திருப்பவரின் ஆறு மாதம் விலைமதிப்புள்ளது. வகுப்பு நடத்துவதென்றால், இங்கே கற்பது தரவுத்தளத்தின் அடிப்படை, இதைக் கொண்டு எஸ்.கியூ.எல்.-ஐ விரைவாகப் பிடித்துக்கொள்ளலாம், ஹார்பருக்கென்று தனி வேலைச் சந்தை இங்கே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்ன பின்னும் உட்கார்ந்திருப்பவர்களோடு தொடங்குங்கள்.

வகுப்பைவிட எனக்கு நம்பிக்கை தருவது தொழிற்பயிற்சி. ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படிப்போர் படிப்பின் ஒரு பகுதியாக நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற வேண்டும். நிரல் மாற்றம் நடக்கும் பட்டறையோ கூட்டுறவோ அந்த இடத்தைக் கொடுத்தால், மாணவருக்கு உண்மையான வேலை அனுபவம், பழைய கைக்கு ஒரு துணை, கடைக்கு இரண்டாவது ஆள் என மூன்றும் சேர்ந்து வரும். அந்த மாணவர் பின்னர் சிங்கப்பூருக்கே போனாலும், தாம் எழுதிய பகுதியில் பிழை என்று அழைத்தால் எடுத்துப் பார்க்கும் பிணைப்பு இருக்கும். மண்டபத்தில் கற்றவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

ஒரு சட்ட எச்சரிக்கையும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உண்மையான சம்பளக் கோப்பைப் பாடத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அடையாள அட்டை எண்ணும் பெயரும் மாற்றப்பட்ட நகலை முதலில் தயாரித்து, மாணவர் கையில் அதை மட்டுமே கொடுங்கள். அந்த மாற்றும் நிரலை எழுதுவதையே முதல் பாடத்துக்கு முன் ஆசிரியர் செய்யும் வேலையாக வையுங்கள்.

## தமிழில் எழுதி வைப்பது

ஹார்பரைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்தை அடுத்து ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும்தான் மிகுதி; ஸ்பெயினிலும் பிரேசிலிலும் இந்த மொழிக்கு வலுவான வட்டங்கள் உள்ளன. தமிழில் எழுதினால் இங்கே மட்டுமின்றித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய நிரல் வைத்திருப்பவரையும் சென்றடையும். கணினித் தமிழுக்கு மலேசியா அந்நியமானதும் அன்று: முத்து நெடுமாறனின் முரசு தொடங்கியது 1985-இல், கிளிப்பர் வெளிவந்த அதே ஆண்டில், 2001-இன் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான்.

இருப்பினும், முழு மொழிக் கையேட்டை மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் இழுத்து, பாதியில் நின்று, நின்ற இடம் தெரியாமல் கிடக்கும். மக்கள் தேடி வருவது பிழை எண்ணைக் கொண்டுதான். பேஸ் 1003 என்றால் அறிவிக்கப்படாத மாறியைத் தொட்டிருக்கிறீர்கள், டி.பி.எஃப்.என்.டி.எக்ஸ். 1012 என்றால் இண்டெக்ஸ் கோப்பு கெட்டிருக்கிறது, மூலக் கோப்பை நகலெடுத்துவிட்டு இண்டெக்ஸை மறுபடி கட்டுங்கள். இப்படி எண், காரணம், செய்ய வேண்டியது என்ற வடிவில் முப்பது பதிவுகள் இருந்தாலே அது இன்று தமிழில் இல்லாத செல்வம். கடை வேலையில் ஒவ்வொரு முறை சிக்கல் தீர்ந்ததும் அன்றே ஒரு பதிவு எழுதினால் தனி உழைப்பும் தேவைப்படாது.

தமிழில் எழுதுவதும், தமிழைத் திரையில் காட்டுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுக்கும். "கு" என்பது இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். 30 இடமுள்ள பெயர்ப் புலத்தில் பத்துக் குறியீடுகளே அடங்கும். எழுத்துத் திரையில் கூட்டெழுத்துகள் ஒழுங்காக அமைவதும் இல்லை; அதற்கு எச்.எம்.ஜி., எச்.டபிள்யூ.ஜி.யூ.ஐ. போன்ற வரைகலை நூலகங்களுக்குப் போக வேண்டும். இங்கே சம்பளச் சீட்டு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அச்சாகிறது என்பதால் இது தொடக்கத்தில் தடையாகாது. விளக்கம் தமிழிலும், நிரலின் திரை கடைக்காரர் கேட்கும் மொழியிலும் இருக்கட்டும்.

மூலநிரலும் கிடைக்கவில்லை, பழைய கைகளும் இல்லை, நிரல் ஓடும் கடையும் இல்லை என்ற ஊரில் தனியாக இருப்பவருக்கு இந்த வழியே சிறந்தது. மற்ற ஊர்களில் இதை முதல் வேலையாக வைத்தால், படிக்க ஆளில்லாத பக்கங்கள்தாம் குவியும்.

## எந்தக் கிளையின் பெயரில்

கடைசியாக, குழுக்கள் எளிதில் பிளவுபடும் ஓர் இடம். 2001-இல் ஹார்பரிலிருந்து எக்ஸ்-ஹார்பர் என்ற கிளை பிரிந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கென்று எக்ஸ்-ஷார்ப் என்ற திறந்த மூல மொழியும் இருக்கிறது. டிபேஸ் குடும்பத்தைச் சேர்ந்ததும் மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியதுமான ஃபாக்ஸ்புரோவின் வழியில் வந்தவர்களும் இங்கே உண்டு. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை என்று 2007-இல் அறிவிக்கப்பட்டு, 2015 ஜனவரியில் அதன் ஆதரவும் முடிந்தது. அவர்களுடைய டி.பி.எஃப். கோப்புகளையும் சி.டி.எக்ஸ். இண்டெக்ஸையும் ஹார்பர் பெரும்பாலும் படித்துவிடும்; ஆனால் திரைப் படிவங்கள் வராது, அவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஃபாக்ஸ்புரோ நிரல்களே மிகுதியாக உள்ள ஊர் என்றால் எக்ஸ்-ஷார்ப்பை முதலில் சோதித்துப் பாருங்கள். ஃபாக்ஸ்புரோ மொழியை ஏற்கும் பணி அதில் தொடர்ந்து நடந்து வருகிறது.

கிளிப்பர் நிரல்கள் மிகுதியாக உள்ள ஊரில் ஹார்பர் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. நாலைந்து பேர் உள்ள குழு இரண்டு கிளைகளைத் தாங்காது. எல்லாரும் ஒரே பதிப்பு, ஒரே சி கம்பைலர், ஒரே வரைகலை நூலகம் என்று எழுதி ஒப்புக்கொண்டு, அந்தத் தொகுப்பை அப்படியே ஒரு நினைவுக்குச்சியில் நகலெடுத்து ஒவ்வொரு கடையிலும் மூலநிரலோடு சேர்த்து வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் யாராக இருந்தாலும், அந்தக் குச்சியிலிருந்தே அதே நிரலை அதே விதமாகத் தொகுத்துப் பார்க்க இயலும்.